எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா

எட்ஸ்கர் வீப டைக்ஸ்ட்ரா (மே 11, 1930 – ஆகஸ்ட் 6, 2002) நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த கணினி அறிவியலாளர் ஆவார். ஒரே ஒரு மையச் செயலகத்தைப் பல நிரல்கள் ஒன்றையொன்று கெடுக்காமல் பகிர்ந்துகொள்ளும் வழியை முறைப்படுத்தியவர்களுள் இவர் முதன்மையானவர். மிகக் குறுகிய பாதையைக் கண்டறியும் படிமுறை, கைகாட்டி எனப்படும் ஒத்திசைவுக் கருவி, மட்டம் மட்டமாகக் கட்டப்பட்ட இயங்குதளம், கட்டமைப்பு நிரலாக்கம் ஆகியன இவர் பெயரோடு இணைந்தவை. 1972 ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது இவருக்கு வழங்கப்பட்டது.

இவருடைய குடும்பப் பெயரில் வரும் டச்சு மொழிக் கூட்டெழுத்து ஐகாரத்தைப் போன்று ஒலிக்கும். ஆகவே டைக்ஸ்ட்ரா என்பதே மூல ஒலிப்புக்கு நெருக்கமானது. தமிழில் டிஜ்க்ஸ்ட்ரா, டிக்ஸ்ட்ரா என்றும் எழுதப்படுவதுண்டு.

இளமையும் கல்வியும்

டைக்ஸ்ட்ரா நெதர்லாந்தின் துறைமுக நகரமான ராட்டர்டாமில் பிறந்தார். தந்தை வேதியியல் ஆசிரியர். டச்சு வேதியியல் கழகத்தின் தலைவராகவும் இருந்தவர். தாய் கணிதம் பயின்றவர். ஆயினும் எந்தப் பணியிலும் அமரவில்லை. நான்கு பிள்ளைகளில் டைக்ஸ்ட்ரா மூன்றாமவர். ஒரு கணக்கிற்கான தீர்வு சுருக்கமாகவும் அழகாகவும் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தைத் தாயிடமிருந்தே இவர் பெற்றதாகக் கருதப்படுகிறது.

ராட்டர்டாமின் எராஸ்மியானம் பள்ளியில் 1948 இல் படிப்பை முடித்தபோது சட்டம் பயின்று ஐக்கிய நாடுகள் அவையில் தம் நாட்டின் சார்பாளராக வேண்டும் என்று விரும்பினார். அறிவியல் பாடங்களில் மிக உயர்ந்த மதிப்பெண்கள் பெற்றிருந்தமையால் லெய்டன் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும் பயிலச் சேர்ந்தார். பின்னர் கோட்பாட்டு இயற்பியலைத் தேர்ந்தெடுத்தார்.

1951 இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் நிரலாக்கம் குறித்த மூன்று வாரப் பயிற்சி நடைபெற இருப்பதாக ஓர் அறிவிப்பு வெளியானது. எட்சாக் கணினியை உருவாக்கிய மாரிஸ் வில்க்ஸ் அப்பயிற்சியை நடத்தினார். அறிவிப்பைக் கண்ட தந்தை மகனுக்குத் தெரிவித்தார். இயற்பியல் ஆய்வுக்குக் கணினி துணை செய்யும் என்று நம்பிய டைக்ஸ்ட்ரா அவ்வாண்டு செப்டம்பரில் கேம்பிரிட்ஜ் சென்றார். அப்பயணமே அவருடைய வாழ்க்கையின் திசையை மாற்றியது.

நிரலாளர் என்னும் தொழில்

ஆம்ஸ்டர்டாமில் இருந்த கணித மையத்தின் கணிப்புத் துறைத் தலைவர் ஆட்ரியான் வான் வைன்கார்டன், இப்பயிற்சியைப் பற்றி அறிந்து டைக்ஸ்ட்ராவுக்கு வேலை அளித்தார். 1952 மார்ச் முதல் அங்கே பகுதி நேரமாகப் பணியாற்றத் தொடங்கினார். நெதர்லாந்தில் நிரலாளர் என்ற பதவியில் அமர்ந்த முதல் மனிதர் இவரே என்பர்.

மூன்றாண்டுகள் கழிந்தபின், இயற்பியலாளர் ஆவதா, நிரலாளர் ஆவதா என்ற குழப்பம் அவருக்கு ஏற்பட்டது. நிரலாக்கத்திற்கு அந்நாளில் மதிப்பான பாடத்திட்டமோ, நிலைபெற்ற அறிவுத் தொகுப்போ இல்லை. தம் ஐயத்தை வான் வைன்கார்டனிடம் கூறினார். கணினி நிலைத்து நிற்கப் போகிறது என்றும், நிரலாக்கத்தை மதிப்புள்ள துறையாக ஆக்குவோரில் ஒருவராக டைக்ஸ்ட்ராவே ஏன் இருக்கக் கூடாது என்றும் அவர் எடுத்துரைத்தார். இயற்பியல் பட்டத்தை 1956 இல் முடித்துக்கொண்டு டைக்ஸ்ட்ரா முழுமையாகக் கணினிப் பக்கம் வந்தார்.

1957 இல் மரியா டெபெட்ஸ் என்பவரை மணந்தார். அவரும் கணித மையத்தில் கணிப்புப் பணி செய்தவர். திருமணப் பதிவின்போது மணமகனின் தொழில் நிரலாளர் என்று எழுதப்பட்டதை ஆம்ஸ்டர்டாம் நகர அலுவலர்கள் ஏற்கவில்லை. அப்படி ஒரு தொழிலே இல்லை என்பது அவர்களுடைய நிலை. ஆகவே பதிவேட்டில் கோட்பாட்டு இயற்பியலாளர் என்றே எழுத வேண்டியதாயிற்று. இத்தம்பதியருக்கு மூன்று பிள்ளைகள்.

மிகக் குறுகிய பாதை

1956 இல் கணித மையம் தன்னுடைய ஆர்மாக் கணினியைப் பொதுமக்களுக்குக் காட்டத் திட்டமிட்டது. கணிதம் அறியாதவருக்கும் புரியும் ஒரு கணக்கு தேவைப்பட்டது. நெதர்லாந்தின் 64 ஊர்களைக் கொண்ட சாலை வரைபடத்தில் எந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே மிகக் குறுகிய பாதையைக் கணினி கூறவேண்டும் என்று டைக்ஸ்ட்ரா முடிவு செய்தார். ஊர்களின் எண்ணிக்கை 64 ஆக இருந்தால் ஓர் ஊரைக் குறிக்க 6 பிட்டுகள் போதும். ஆம்ஸ்டர்டாமில் கடைவீதிக்குச் சென்று களைத்து, மணமுடிக்கவிருந்த மரியாவுடன் ஒரு காப்பிக் கடையின் முற்றத்தில் அமர்ந்திருந்தபோது, தாளும் எழுதுகோலும் இன்றி ஏறத்தாழ இருபது நிமிடங்களில் தீர்வை மனத்திலேயே உருவாக்கினார்.

இப்படிமுறையைச் சென்னைச் சாலைகளைக் கொண்டு விளக்கலாம். மயிலாப்பூரிலிருந்து தியாகராய நகருக்குச் செல்ல வேண்டும் என்க. மயிலாப்பூரிலிருந்து மந்தைவெளிக்கு 6 நிமிடம், ஆழ்வார்பேட்டைக்கு 8 நிமிடம். மந்தைவெளியிலிருந்து அடையாறுக்கு 12 நிமிடம். ஆழ்வார்பேட்டையிலிருந்து அடையாறுக்கு 14 நிமிடம், தியாகராய நகருக்கு 12 நிமிடம். அடையாறிலிருந்து தியாகராய நகருக்கு 15 நிமிடம் என்று கொள்வோம்.

முதலில் மிக அருகில் உள்ள மந்தைவெளி 6 என உறுதியாகிறது. அதன் வழியே அடையாறுக்கு 18 என்று தற்காலிகமாகக் குறித்துக்கொள்கிறோம். அடுத்து ஆழ்வார்பேட்டை 8 என உறுதியாகிறது. அதன் வழியே தியாகராய நகருக்கு 20 என்று குறிக்கிறோம். ஆழ்வார்பேட்டை வழியே அடையாறு 22 ஆகும். முன்பு குறித்த 18 இதைவிடக் குறைவு என்பதால் மாற்றம் இல்லை. இப்போது எஞ்சியவற்றில் சிறியதான அடையாறு 18 உறுதியாகிறது. அதன் வழியே தியாகராய நகர் 33 என்பதால் பயனில்லை. முடிவில் தியாகராய நகர் 20 என உறுதியாகிறது. ஒவ்வொரு படியிலும் எஞ்சியவற்றுள் மிகச் சிறியதை உறுதி செய்வதால், ஒருமுறை உறுதியான விடையை மீண்டும் தொடவேண்டிய தேவை ஏற்படுவதில்லை. எந்தச் சாலையின் அளவும் எதிர்ம எண்ணாக இல்லாதவரை இம்முறை செல்லும்.

இது 1959 இல்தான் ஒரு கணித இதழில் மூன்று பக்கக் கட்டுரையாக வெளிவந்தது. அக்கட்டுரையின் மற்றொரு தீர்வு, பல முனைகளை மிகக் குறைந்த கம்பியால் இணைப்பது பற்றியது. எக்ஸ்1 கணினியின் பின்பலகையில் செப்புக் கம்பியைச் சிக்கனப்படுத்த அது உதவியது. இன்று இணைய வழிச்செலுத்திகள் பயன்படுத்தும் ஓ.எஸ்.பி.எஃப். நெறிமுறையின் அடிப்படை டைக்ஸ்ட்ராவின் குறுகிய பாதைப் படிமுறையே ஆகும்.

எக்ஸ்1 கணினியும் குறுக்கீடும்

கணித மையத்தில் பிராம் லூப்ஸ்ட்ரா, காரல் ஸ்கோல்டன் ஆகிய இருவரும் வன்பொருளை வடிவமைத்தனர். அது கட்டப்படும் முன்னரே அதற்கான நிரல்களை டைக்ஸ்ட்ரா எழுதினார். 1950களின் இறுதியில் அவர்கள் எக்ஸ்1 என்ற கணினியைத் திட்டமிட்டபோது ஒரு புதிய வசதியைச் சேர்க்க விரும்பினர். அது குறுக்கீடு எனப்படும்.

அதற்கு முந்தைய கணினிகளில், அச்சுப்பொறி போன்ற மெதுவான கருவி தன் வேலையை முடிக்கும்வரை மையச் செயலகம் காத்திருக்கும். அல்லது முடிந்ததா என்று மீண்டும் மீண்டும் கேட்டுக்கொண்டிருக்கும். இரண்டுமே நேர விரயம். குறுக்கீட்டு வசதி இருந்தால், கருவி தன் வேலை முடிந்ததும் தானே செய்தி அனுப்பும். செயலகம் அதுவரை வேறு கணக்கைப் பார்க்கலாம். செய்தி வந்ததும் நடந்துகொண்டிருந்த நிரலை அப்படியே நிறுத்தி, அதன் நிலையைச் சேமித்து, கருவியைக் கவனித்து, பின்னர் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

இதைக் கேட்ட டைக்ஸ்ட்ரா அஞ்சினார். அவ்வச்சத்துக்குத் தக்க காரணம் இருந்தது. குறுக்கீடு எந்தக் கணத்தில் வரும் என்பதை நிரலாளர் அறிய முடியாது. எந்த இரண்டு கட்டளைகளுக்கு நடுவிலும் அது நுழையலாம். ஒரே நிரலை ஒரே உள்ளீட்டுடன் இரண்டு முறை ஓட்டினாலும் நிகழ்வுகளின் வரிசை வேறுபடும். பிழை ஒன்று தோன்றினால் அதை மீண்டும் தோன்றச் செய்ய இயலாது. மீண்டும் தோன்றாத பிழையைச் சோதனையால் கண்டுபிடிக்கவும் இயலாது. இக்காரணங்களைக் கூறிச் சில மாதங்கள் அவர் முடிவைத் தள்ளிப்போட்டார். இறுதியில் இணங்கி, எக்ஸ்1 இன் குறுக்கீட்டைக் கையாளும் அடிப்படை நிரலை எழுதினார்.

சோதனையை நம்ப முடியாது என்பதால், எந்தக் கணத்தில் குறுக்கீடு வந்தாலும் நிரல் சரியாகவே நடக்கும் என்பதைச் சிந்தித்து நிறுவியாக வேண்டியிருந்தது. இப்பணியே அவருடைய முனைவர் பட்ட ஆய்வேட்டின் பொருளாயிற்று. 1959 இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் வழங்கியது. நிரலின் சரித்தன்மையை நிறுவ வேண்டும் என்று பிற்காலத்தில் அவர் வலியுறுத்தியதன் வேர் இங்கேதான் உள்ளது.

அல்கால் 60

1960 இல் டைக்ஸ்ட்ராவும் யாப் சோன்வெல்டும் எக்ஸ்1 கணினிக்காக அல்கால் 60 மொழியின் மொழிமாற்றியை எழுதி முடித்தனர். அம்மொழிக்குச் செயல்படும் நிலையில் வந்த முதல் மொழிமாற்றி இதுவே எனப்படுகிறது. ஒரு செயல்கூறு தன்னைத்தானே அழைக்கும் தற்சுழற்சி முறையை இது முழுமையாக ஏற்றது. அதற்கு அவர்கள் நினைவகத்தில் ஓர் அடுக்கைப் பயன்படுத்தினர். பணி முடியும்வரை முகச்சவரம் செய்வதில்லை என்று இருவரும் உறுதி கொண்டனர். பணி முடிந்ததும் சோன்வெல்ட் தாடியை எடுத்துவிட்டார். டைக்ஸ்ட்ரா வாழ்நாள் இறுதிவரை வைத்துக்கொண்டார்.

கைகாட்டி

1962 இல் எய்ந்தோவன் தொழில்நுட்ப உயர்கல்விக் கழகத்தில் கணிதப் பேராசிரியராகச் சேர்ந்தார். இங்கேதான் ஒன்றாக ஓடும் பல நிரல்கள் பற்றிய அவருடைய ஆய்வு முதிர்ந்தது. ஓடிக்கொண்டிருக்கும் நிரல் ஒன்றைச் செயல்முறை என்று அழைப்பர். இரண்டு செயல்முறைகள் ஒரே தரவை ஒரே நேரத்தில் மாற்றினால் தரவு கெடும். ஒன்று உள்ளே இருக்கும்போது மற்றொன்று வெளியே நிற்கவேண்டும். இது பரஸ்பர விலக்கம் எனப்படும். இரண்டு செயல்முறைகளுக்கான தீர்வைக் கணித மையத்தைச் சேர்ந்த டெக்கர் கண்டிருந்தார். எத்தனை செயல்முறைகளுக்கும் பொருந்தும் தீர்வை டைக்ஸ்ட்ரா 1965 இல் ஒரே பக்கக் கட்டுரையில் வெளியிட்டார்.

ஆயினும் இத்தீர்வுகளில் ஒரு குறை இருந்தது. வெளியே நிற்கும் செயல்முறை, கதவு திறந்ததா என்று ஓயாமல் கேட்டுக்கொண்டே மையச் செயலகத்தின் நேரத்தை விழுங்கியது. இதை நீக்கவே அவர் கைகாட்டியை அறிமுகப்படுத்தினார். இருப்புப்பாதையில் ஒரு தண்டவாளப் பகுதிக்குள் ஒரு வண்டி மட்டும் செல்லக் கைகாட்டி மரம் உதவுவதைப் போன்றது இது. கைகாட்டி என்பது ஓர் எண். நுழைய விரும்பும் செயல்முறை அதை ஒன்று குறைக்க முயலும். இயலாவிட்டால் அது உறங்கச் செல்லும். செயலகம் வேறொரு செயல்முறைக்கு வழங்கப்படும். வெளியேறும் செயல்முறை எண்ணை ஒன்று கூட்டி, உறங்குவோரில் ஒருவரை எழுப்பும். காத்திருப்பவர் செயலகத்தின் நேரத்தைச் சிறிதும் செலவிடுவதில்லை என்பதே இதன் சிறப்பு.

டைக்ஸ்ட்ரா இவ்விரு செயல்களுக்கும் டச்சு மொழிச் சொற்களையொட்டி பி, வி என்று பெயரிட்டார். லினக்ஸ் கருவில் இவை டவுன், அப் என்ற பெயர்களில் உள்ளன.

கைகாட்டிகளைத் தவறான வரிசையில் பயன்படுத்தினால் செயல்முறைகள் ஒன்றையொன்று எதிர்பார்த்து நிரந்தரமாக நின்றுவிடலாம். இந்த முடக்கநிலையை மாணவர்களுக்கு விளக்க, நாடாக் கருவிகளுக்குப் போட்டியிடும் ஐந்து கணினிகள் பற்றிய ஒரு தேர்வு வினாவை 1965 இல் அமைத்தார். பின்னர் டோனி ஹோர் அதற்கு, ஒரே மேசையில் முட்கரண்டிகளுக்காகக் காத்திருக்கும் ஐந்து தத்துவ அறிஞர்கள் என்ற வடிவம் தந்தார். கடன் கொடுப்பதற்கு முன் கையிருப்பைக் கணக்கிடும் வங்கியாளர் படிமுறையும் இக்காலத்தில் டைக்ஸ்ட்ரா உருவாக்கியதே. இவை மூன்றும் இன்றும் பொறியியல் கல்லூரிகளின் இயங்குதளப் பாடத்தில் இடம்பெறுகின்றன.

டி.எச்.இ. பல்நிரல் இயங்குதளம்

எய்ந்தோவனில் ஆறு பேர் கொண்ட குழு, சராசரியாகப் பாதி நேரப் பணியில், எக்ஸ்8 கணினிக்கு ஓர் இயங்குதளத்தைக் கட்டியது. கழகத்தின் டச்சுப் பெயரின் முதலெழுத்துகளால் அது டி.எச்.இ. என வழங்கப்பட்டது. அக்கணினியில் 32 ஆயிரம் சொற்கள் கொள்ளும் காந்த வளைய நினைவகமும், 512 ஆயிரம் சொற்கள் கொள்ளும் சுழல் உருளை நினைவகமும் இருந்தன. ஒரு சொல் 27 பிட்டுகள் கொண்டது. துளைத்தாள் நாடாக்களில் வரும் மாணவர்களின் நிரல்களைத் தடையின்றி ஓட்டுவதே இதன் வேலை.

இயங்குதளம் மட்டங்களாகக் கட்டப்பட்டது:

* மட்டம் 0: மையச் செயலகத்தைச் செயல்முறைகளுக்குப் பங்கிடுதல்.
* மட்டம் 1: உருளைக்கும் நினைவகத்துக்கும் இடையே தரவுப் பக்கங்களை மாற்றுதல்.
* மட்டம் 2: இயக்குநரின் தட்டச்சுப் பொறியுடன் உரையாடுதல்.
* மட்டம் 3: உள்ளீட்டு, வெளியீட்டுக் கருவிகள்.
* மட்டம் 4: பயனர்களின் நிரல்கள்.
* மட்டம் 5: கணினியை இயக்கும் மனிதர்.

ஒரு மட்டம் தனக்குக் கீழுள்ள மட்டங்களை மட்டுமே நம்பலாம். ஆகவே கீழ்மட்டத்தை முழுமையாகச் சோதித்து முடித்தபின் அடுத்த மட்டத்தைச் சேர்த்தனர். சோதனையில் அற்பமான எழுத்துப் பிழைகளே அகப்பட்டன. ஏறக்குறைய 500 கட்டளைகளுக்கு ஒரு பிழை. ஒவ்வொன்றையும் பத்து நிமிடங்களுக்குள் கண்டறிய முடிந்தது. இயங்குதளங்கள் ஆயிரக்கணக்கான பிழைகளுடன் வெளிவந்த காலத்தில் இது வியப்புக்குரிய செய்தியாக இருந்தது. 1967 இல் அமெரிக்காவில் நடந்த இயங்குதளக் கோட்பாடுகள் மாநாட்டில் இதுபற்றி உரையாற்றினார். 1968 இல் கட்டுரை அச்சானது.

மட்டம் 0 இல் ஒரு கடிகாரம்

ஒரு செயல்முறை முடிவில்லாத சுழற்சியில் சிக்கிக்கொண்டால் மற்ற செயல்முறைகளின் நிலை என்ன? தானாக விட்டுக்கொடுக்கும்வரை காத்திருந்தால் அனைத்தும் நின்றுவிடும். எனவே மட்டம் 0 இல் டைக்ஸ்ட்ராவின் குழு கடிகாரக் குறுக்கீட்டை வைத்தது. குறித்த இடைவெளியில் கடிகாரம் குறுக்கிட்டு ஆட்சியை மட்டம் 0 இடம் ஒப்படைக்கும். எந்தச் செயல்முறையும் செயலகத்தைத் தனியுரிமையாக்கிக்கொள்ள முடியாது. இந்த ஏற்பாட்டால், மட்டம் 0 க்கு மேலே உள்ளவை செயலகம் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிடலாம். ஒவ்வொரு செயல்முறையும் தனக்கென ஒரு கணினி இருப்பதாகவே எண்ணி ஓடும். ஒரு காலத்தில் அவரை அஞ்சவைத்த குறுக்கீடே, இவ்வாறு அமைதிக்குக் காவலாயிற்று.

இன்றைய இயங்குதளக் கருக்களும் இதே வழியைப் பின்பற்றுகின்றன. லினக்ஸ் கருவில் கடிகாரத் துடிப்பு, அமைப்பைப் பொறுத்து, பொதுவாக நொடிக்கு 100 முதல் 1000 முறை வரை நிகழும். ஒவ்வொரு துடிப்பிலும் ஓடிக்கொண்டிருக்கும் செயல்முறையின் செயலக நேரம் கணக்கில் கொள்ளப்படுகிறது. செயலக நேரம் என்பது சுவர்க் கடிகார நேரத்திலிருந்து வேறானது. ஒரு மணி நேரம் திறந்திருந்த நிரல் உண்மையில் இரண்டு நிமிடமே செயலகத்தில் ஓடியிருக்கலாம். இவ்வளவு செயலக நேரம் செலவானதும் எனக்குச் செய்தி அனுப்பு என்று ஒரு செயல்முறை கருவிடம் டைமர் வைத்துக்கொள்ளலாம். அளவு மீறி ஓடும் நிரல்களை நிறுத்தவும், நேரம் எங்கே செலவாகிறது என்று ஆராயவும் இது பயன்படும்.

இதைச் சிக்கனமாகச் செய்வது எளிதன்று. ஒவ்வொரு துடிப்பிலும் எல்லா டைமர்களையும் புரட்டிப் பார்த்தால் கருவே நேரத்தை விழுங்கிவிடும். ஆகவே மிக முந்தி முடியவிருக்கும் டைமரின் நேரத்தை மட்டும் தனியே குறித்துவைத்து, அதனுடன் மட்டும் ஒப்பிடுவர். அந்நேரம் வராதவரை வேறெதையும் தொடுவதில்லை. பல இழைகள் கொண்ட செயல்முறையில் எல்லா இழைகளின் நேரத்தையும் கூட்டவேண்டும். அக்கூட்டல் டைமர் வைக்கப்பட்டிருந்தால் மட்டுமே நடைபெறும். லினக்சில் இத்தகைய டைமர்கள் முதலில் நேர வரிசைப் பட்டியல்களில் வைக்கப்பட்டன. பட்டியல் நீண்டால் புதிய டைமரைச் செருகும் நேரமும் நீளும். 2019 இல் அவை சமன்செய்யப்பட்ட மர அமைப்புக்கு மாற்றப்பட்டன. பொதுவான டைமர்களுக்கு, இந்தியரான ஜார்ஜ் வர்கீசும் டோனி லாக்கும் 1987 இல் விளக்கிய நேரச்சக்கர முறை பரவலாகப் பயன்படுகிறது.

கைகாட்டியும் முன்னுரிமையும்

டைக்ஸ்ட்ராவின் முறைகளைப் பின்வந்தோர் வளர்த்தெடுத்த விதத்துக்கு ஒரு நிகழ்வு சான்றாகும். டி.எச்.இ. குழுவில் இருந்த நிக்கோ ஹாபர்மன் பின்னர் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கணினித் துறையை வழிநடத்தினார். அதே பல்கலைக்கழகத்தில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பட்டதாரியான ரகுநாதன் ராஜ்குமார், லூய் ஷா, ஜான் லெஹோஸ்கி ஆகியோருடன் இணைந்து முன்னுரிமை மரபுரிமை என்ற முறையை 1990 இல் விரிவாக வெளியிட்டார். தாழ்ந்த முன்னுரிமை கொண்ட செயல்முறை ஒரு பூட்டைப் பிடித்திருக்கும்போது உயர்ந்த செயல்முறை அதற்காகக் காத்திருந்தால், பூட்டை விடும்வரை தாழ்ந்ததற்கும் உயர்ந்ததன் முன்னுரிமையை வழங்கவேண்டும் என்பது இதன் சாரம்.

1997 ஜூலையில் செவ்வாய்க் கோளில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலத்தின் கணினி அடிக்கடி தன்னைத்தானே மறுதொடக்கம் செய்தது. வானிலைத் தரவைத் திரட்டும் சிறு செயல்முறை பூட்டைப் பிடித்திருக்க, நடுத்தர முன்னுரிமை கொண்ட வேறு செயல்முறைகள் அதை ஓடவிடாமல் தடுத்தன. முதன்மையான செயல்முறை குறித்த நேரத்தில் முடியாததைக் கண்ட காவல் டைமர் கணினியை மறுதொடக்கம் செய்தது. பூமியிலிருந்து அனுப்பிய மாற்றத்தால் முன்னுரிமை மரபுரிமை செயல்படுத்தப்பட்டு, சிக்கல் தீர்ந்தது. எப்போதாவது மட்டும் தோன்றி மறையும் பிழைகள் பற்றி டைக்ஸ்ட்ரா கொண்ட அச்சம் நியாயமானதே என்பதை இது காட்டுகிறது.

கட்டமைப்பு நிரலாக்கம்

டி.எச்.இ. பணி முடிந்தபின் டைக்ஸ்ட்ரா கடும் மனச்சோர்வுக்கு ஆளானார். கழகத்தின் கணிதத் துறையில் அவருடைய பணிக்குப் போதிய மதிப்பு கிட்டவில்லை, குழுவும் கலைந்தது. அந்நிலையில் நிரலாக்கத்தின் அடிப்படைகளைப் பற்றி எழுதத் தொடங்கினார். 1969 இல் எழுதிய குறிப்புகள், டால், ஹோர் ஆகியோருடன் சேர்ந்து 1972 இல் வெளியிட்ட கட்டமைப்பு நிரலாக்கம் என்ற நூலில் இடம்பெற்றன. எழுதுவதே தமக்கு மருந்தாயிற்று என்று அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

1968 மார்ச்சில் வெளிவந்த கோட்டு கட்டளைக்கு எதிரான அவருடைய கடிதம் பெரும் விவாதத்தைக் கிளப்பியது. நிரலின் ஓட்டத்தை எங்கு வேண்டுமானாலும் தாவச்செய்யும் அக்கட்டளை, நிரலைப் படித்துப் புரிந்துகொள்வதைக் கெடுக்கிறது என்பது அவருடைய வாதம். அக்கடிதத்தின் புகழ்பெற்ற தலைப்பு டைக்ஸ்ட்ரா இட்டதன்று. இதழின் பதிப்பாசிரியர் நிக்லாஸ் விர்த் இட்டதாகும்.

பிற்காலம்

1973 இல் பர்ரோஸ் நிறுவனத்தின் ஆய்வு உறுப்பினரானார். நூனன் என்ற சிற்றூரில் தம் வீட்டு மாடியறையே அவருடைய ஆய்வகம். வாரம் ஒருநாள் மட்டும் எய்ந்தோவன் சென்று, செவ்வாய்க்கிழமை பிற்பகல்களில் நண்பர்களுடன் ஆய்வுக் கட்டுரைகளை வரிவரியாகப் படித்து விவாதித்தார். 1974 இல் தானே நிலைபெறும் அமைப்புகள் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். எந்தத் தவறான நிலையில் தொடங்கினாலும் முடிவில் சரியான நிலைக்குத் தானே திரும்பும் அமைப்புகளைப் பற்றியது அது. ஏறக்குறைய பத்தாண்டுகள் அதை எவரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1983 இல் லெஸ்லி லாம்போர்ட் ஒரு மாநாட்டு உரையில் அதன் சிறப்பை எடுத்துக்காட்டிய பின்னரே அது தனித்துறையாக வளர்ந்தது.

1976 இல் நிரலாக்க ஒழுங்கு பற்றிய நூலை எழுதினார். நிரலை எழுதி முடித்துவிட்டுச் சரியா என்று பார்ப்பதற்கு மாறாக, நிரலும் அதற்கான நிறுவலும் ஒன்றாக வளரவேண்டும் என்பது அந்நூலின் கொள்கை. 1984 இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் பேராசிரியராகி, 1999 இல் ஓய்வு பெற்றார்.

அவர் எழுதிய குறிப்புகள் இ.டபிள்யூ.டி. என்ற தம் பெயரின் முதலெழுத்துகளுடன் எண்ணிடப்பட்டவை, 1,300க்கும் மேற்பட்டவை. பெரும்பாலானவை ஊற்றுப் பேனாவால் எழுதப்பட்டவை. நண்பர்களுக்குப் படியெடுத்து அனுப்ப, அவர்கள் பிறருக்கு அனுப்ப, அவை உலகெங்கும் பரவின. கணினி அறிவியலின் முன்னோடியான இவர் கணினியை அரிதாகவே பயன்படுத்தினார் என்பது குறிப்பிடத்தக்கது. மோட்சார்ட்டின் இசையில் ஈடுபாடு கொண்டவர், பியானோ வாசிப்பார்.

சென்னையுடன் தொடர்பு

அடையாறை அடுத்துள்ள சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் தொடங்கப்பட்ட ஆண்டு 1959. டைக்ஸ்ட்ராவின் குறுகிய பாதைக் கட்டுரை வெளியான ஆண்டும் அதுவே. அக்கழகத்தில் 1965 இல் பட்டம் பெற்ற கே. மணி சாண்டி, பின்னர் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜெயதேவ் மிஸ்ராவுடன் பணியாற்றினார். தத்துவ அறிஞர்கள் சிக்கலுக்கு, எத்தனை பேருக்கும் பொருந்தும் பரவல் முறைத் தீர்வை இருவரும் 1984 இல் வெளியிட்டனர். சாண்டியும் லாம்போர்ட்டும் 1985 இல் வெளியிட்ட, பரவலாக இயங்கும் கணினிகளின் மொத்த நிலையை அவற்றை நிறுத்தாமலேயே பதிவு செய்யும் படிமுறையைப் பற்றி டைக்ஸ்ட்ரா தனிக் குறிப்பு எழுதினார். அப்படிமுறைக்கு 2014 ஆம் ஆண்டின் டைக்ஸ்ட்ரா பரிசு வழங்கப்பட்டது.

மறைவு

புற்றுநோயுற்ற டைக்ஸ்ட்ரா 2002 இல் நூனனுக்குத் திரும்பினார். அவ்வாண்டு ஆகஸ்ட் 6 அன்று தம் இல்லத்தில் காலமானார்.

விருதுகளும் சிறப்புகளும்

* 1971: நெதர்லாந்து அரச அறிவியல் கழக உறுப்பினர்.
* 1972: டூரிங் விருது.
* 1974: ஹாரி கூட் நினைவு விருது.
* 1982: கணினி முன்னோடி விருது.
* 1989: கணினி அறிவியல் கல்விக்கான பங்களிப்பு விருது.
* 2002: தானே நிலைபெறும் அமைப்புகள் பற்றிய 1974 ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு, பரவல் கணிமையில் செல்வாக்குள்ள கட்டுரைக்கான பரிசு. 2003 முதல் இப்பரிசு டைக்ஸ்ட்ராவின் பெயரால் வழங்கப்படுகிறது.